கரோலினும் கடல் தாண்டிய தோஸ்துகளும்

பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கரோலினுக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. சால்வை போர்த்தினார்கள், சந்தன மாலை போட்டார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவள் வேலைக்கு நேரத்துக்கு வருவதைப் பற்றியே பேசினார்கள். அவள் அந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்பது அங்கே இருந்த இளவட்டங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேரம் ஆடி வாங்கிய வேலை அது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள், விரல் சோர்ந்த பிறகு ஃபைல் பார்க்கும் மேடமாக மாறிப்போனாள்.

அந்தக் காலத்தில் ராயபுரம் கல்மண்டபத்தைச் சுற்றித் தெருவுக்குத் தெரு கேரம் கிளப். ஹார்பர் ஆட்கள், ரயில்வே ஆட்கள், மீன் ஏலம் முடித்து வருகிறவர்கள் என்று பொழுது சாய்ந்தால் தொங்கும் ஒரு பல்புக்குக் கீழே ஆண்களின் தலைகளாகவே தெரியும். அந்தத் தலைகளுக்கு நடுவே மூன்று ஜோடி ரெட்டைச் சடைகளும் இருந்தன. ஒன்று கரோலின். அவளுடைய அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டியவர், மகளை அவரே கைபிடித்து கிளப்புக்குக் கூட்டிவந்தார். இன்னொருத்தி நவ்ரீன், எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் ஏறி வருவாள். மூன்றாமவள் ராமசெல்வி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பருப்பு மண்டி வைத்திருந்த ஆறுமுகநயினாரின் மகள். டைப்ரைட்டிங் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு கிளப்புக்கு வந்துகொண்டிருந்தாள்.

கரோலினும் ராமசெல்வியும் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. கேரத்தில் ஜோடி சேர்கிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை, போர்டின் இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஒருவரோடு ஒருவர் பேசவும் கூடாது. இரண்டு பெண்களும் கண்ணாலேயே பேசிக்கொண்டு மாநில அளவில் எல்லோரையும் சுருட்டினார்கள். அடுத்தது நாக்பூரில் தேசியப் போட்டி. சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்வரை கரோலின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராமசெல்வி வரவில்லை.

விஷயம் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. டைப்ரைட்டிங் பொய் வெளிப்பட்டு, ஆறுமுகநயினார் மகளை அன்றைக்கே தூத்துக்குடிக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே அவசர அவசரமாகக் கல்யாணம். கொஞ்ச நாளில் மண்டியையும் மூடிவிட்டு அவரும் ஊருக்குப் போனார். நாக்பூரில் அவளுக்குப் பதிலாக, மாற்று ஆளாகக் கூட வந்திருந்த நவ்ரீன் ஆடினாள், இரண்டாவது சுற்றிலேயே தோற்றார்கள். பிறகு நவ்ரீனுக்கும் கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால்காரர். அவரோடு மர்சேய் நகரத்துக்குப் போனாள். கரோலினுக்கும் வரன் பார்த்தார்கள். அவளும் ஒன்றிரண்டு பேரைப் பார்த்தாள். சரிப்படவில்லை, விட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

விழா முடிந்த மறுநாள் தம்பி சாவியோ காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கோவில்ல ஜெருசலேம் டூர் போறாங்க. உன் பேரையும் குடுத்துடவா?"

"ஆண்டவரைப் பாக்கறதுக்கு எனக்கு ராயப்பர் கோவிலே போதும்டா. நவ்ரீனைப் பாக்கணும்னா மர்சேய்க்குத்தான் போவணும்."

"தனியாவா? இந்த வயசுலயா?"

"நாப்பது வயசுல போறேன்னு சொல்லிருந்தா மட்டும் நீ மாலை போட்டு அனுப்பிருப்பியா?"

சாவியோ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சிரித்துவிட்டான். அவனே விசாவுக்கு அலைந்தான்.

மர்சேய் விமான நிலையத்தில் பர்தாவும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக ஒரு குண்டு அம்மாள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றாள். கரோலினுக்கு அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"இன்னாடி கரோ, இப்புடி எளச்சுப் பூட்ட? ரயில்வேல சோறு போடலையா?"

பிரான்சில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் நவ்ரீனின் பேச்சில் எம்.கே.பி. நகர் அப்படியே இருந்தது. பஸ் கம்பெனியில் ஓய்வு பெற்ற அவள் வீட்டுக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். பின்னால் இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களுக்கு வழிவிடாமல் நடந்தார்கள்.

அங்கே பழைய துறைமுகத்தில் காலையில் படகிலிருந்து இறக்கிய மீனை அப்படியே கல்மேடையில் வைத்து விற்கிறார்கள். கரோலின் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து "நேத்து மீனு" என்றாள். விற்றவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டு, முறைத்துவிட்டு வேறு மீனை எடுத்துக் கொடுத்தாள். நவ்ரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தினி வருசமா நேத்து மீனைத்தான் துன்னுகினு கீறேன் போல" என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நவ்ரீன் தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். மால்டா என்கிற சின்னத் தீவில் ஒரு தமிழ் மளிகைக் கடை. தீபாவளிக்கு முறுக்கு மாவு வந்திருக்கிறது என்று யாரோ விளம்பரத்துக்கு எடுத்த வீடியோ. கல்லாவில் இருந்த பெண்ணின் முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை மீதிச் சில்லறையை எடுத்துக் கொடுக்கவில்லை. நாணயத்தை மேஜைமேல் வைத்து நடுவிரலால் ஒரு சுண்டு. நாணயம் வழுக்கிக்கொண்டு போய் வாடிக்கையாளரின் விரல் நுனியில் நின்றது.

கரோலின் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சுண்டுவதற்கு முன் மோதிர விரல் லேசாக மடங்கியது. அப்படி மடக்குகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

"செல்விடி."

"நானும் அதான் நெனச்சேன். கடைக்குப் போன் போட்டேன். 'ராமசெல்வியா'ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு மூச்சு இல்ல. அப்பால 'ராங் நம்பர்'னு வெச்சுட்டா. குரல் அவளோடதுதான். இன்னா பண்றதுன்னு தெரியாம குந்திகினு கீறேன்."

கரோலினுக்கு முதலில் வந்தது கோபம். ரயில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் வராமல் இருப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாளே என்று தோன்றியது. இரண்டாவது டீ குடித்து முடிப்பதற்குள் கோபம் போய்விட்டது.

"அவ வரலன்னா நாம போவோம். மால்டா எங்க கீது?"

நவ்ரீன் வரைபடத்தை விரித்தாள். மத்தியதரைக் கடலின் நடுவில், கவனிக்காவிட்டால் தப்பிவிடும் ஒரு புள்ளி. விமானம் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம் என்றார் நவ்ரீனின் வீட்டுக்காரர். ஹார்பர் கிரேன்காரரின் மகள் கப்பலில்தான் போவேன் என்றாள். வாழ்நாள் முழுக்கக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு கப்பலிலும் ஏறியதில்லை.

கடலோரமாகவே ஓடும் ரயிலில் தோழிகள் இருவரும் இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போனார்கள். ரயில் ஒவ்வொரு குகையையும் தாண்டி வெளியே வரும்போது வேறொரு நீலம் தெரிந்தது. ஜெனோவாவில் ஏழு மாடிக் கட்டடம் போன்ற ஒரு கப்பல், சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்துக்குப் போவது. ஏறிய கொஞ்ச நேரத்தில் நவ்ரீனுக்குத் தலைசுற்றல் வந்து பெஞ்சில் படுத்துவிட்டாள். கரோலின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலை முந்தானை காற்றில் கொடி மாதிரி அடித்தது. கிரேன்கள், கன்டெய்னர்கள், எண்ணெய் டாங்குகள் எல்லாம் எண்ணூர்ப் பக்கம் பார்த்தவைபோலவே இருந்தன. ஒரே வித்தியாசம், அவை இப்போது பின்னால் போய்க்கொண்டிருந்தன. போவது அவள். இது நினைவுக்கு வந்ததும் கரோலின் யாருமில்லாத அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

பலேர்மோவில் ஒருநாள் தங்கினார்கள். சந்தைத் தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் சோறு போட்டுத்தான் அனுப்பினார். அங்கிருந்து பஸ்ஸில் தீவின் தென்கோடிக்குப் போய், சின்னக் கப்பல் ஒன்றைப் பிடித்து மால்டாவில் இறங்கினார்கள்.

கடை துறைமுகத்துக்கு அருகில், பாவ்லா என்ற ஊரில் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் முருங்கைக்காய்க் கட்டு. உள்ளே பெருங்காய வாசனை. கல்லாவில் நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, பருத்திச் சேலையின்மேல் ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். இருவரையும் பார்த்தாள். கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

முதலில் பேசியது நவ்ரீன்தான்.

"ராங் நம்பர்தான் பேசறோம். கால் கிலோ துவரம்பருப்பு கெடைக்குமா?"

ராமசெல்வி கல்லாவைவிட்டு வெளியே வந்தாள். கரோலினின் முன்னால் வந்து நின்று, அவள் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தக் கையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏட்டி, நான் வரணும்னுதாண்டி பை எல்லாம் கட்டி வச்சேன். வாசல்ல அப்பா நின்னாக. நீ என்ன நெனச்சியோ, என்னத்த திட்டினியோன்னு இத்தனை வருசமும் மருகிக்கிட்டே கெடந்தேன். இவ போன் பண்ணப்போ எனக்குப் பேச நாக்கு எழும்பல."

"திட்டினேன்தான்," என்றாள் கரோலின். "நாக்பூர் போற வரைக்கும் திட்டினேன். திரும்பி வரசொல்லோ அழுதேன். அத்தோட முடிஞ்சுது. மூக்கைத் தொடச்சுக்கோ, சேலைல ஒட்டுது."

பின்கட்டிலிருந்து அரிசி மூட்டையோடு ஒருவர் வந்தார். ராமசெல்வியின் கணவர் இசக்கிப்பாண்டி. கப்பல் பழுது பார்க்கும் தளத்தில் வெல்டராக வந்து, பிறகு சேர்த்து வைத்ததைப் போட்டுக் கடை திறந்தவர். அவரைப் பார்த்ததும் ராமசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். கேரம் என்ற வார்த்தையை அவர் முன்னால் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அதனால்தானே இந்தக் கல்யாணமே அவசரமாக நடந்தது, அது ஒரு குற்றம் போலவே அவள் மனதில் உட்கார்ந்துவிட்டது.

அவர் மூட்டையை இறக்கினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க மெட்ராஸ்ல இவகூட கேரம் விளையாடின பிள்ளைகள்லா?"

ராமசெல்வியின் முகம் வெளிறியது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாலயே ஒங்க அப்பா சொல்லிட்டாவ. ஊரை ஏமாத்தி விளையாடப் போனா, கண்டிச்சு வச்சுக்கிடுங்கன்னாவ. எனக்கு அதுல கண்டிக்க என்ன இருக்குன்னு தெரியல. நீயா சொல்லுவன்னு இருந்தேன். நீ வாயே தொறக்கல. சரி, அது ஒனக்குப் புடிக்காத பேச்சு போலன்னு நானும் விட்டுட்டேன்."

ஒரே வீட்டில் இருவரும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள்.

"மெர்சலாக் கீதுய்யா உங்க குடும்பம்," என்றாள் நவ்ரீன்.

இசக்கிப்பாண்டி ஒரு ஏணியைச் சாத்தி, மேல்தட்டில் விற்பனைக்கு வைத்திருந்த கேரம் போர்டு ஒன்றை இறக்கினார். தூசியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். "இந்த ஞாயித்துக்கிழம இங்க கோவில் ஹால்ல பையங்க போட்டி வைக்காங்க. வருசா வருசம் போர்டு நம்ம கடையிலதான் வாங்குதாங்க. நீங்க ரெண்டு பேரும் இறங்குனா என்ன?"

நவ்ரீன் தன் விரல்களைக் காட்டினாள். கீல்வாதத்தில் கணுக்கணுவாக வீங்கியிருந்தன. "நான் கைதட்றதுக்கு மட்டும்தான். ஜோடி அவளுங்களோடதுதானே."

சனிக்கிழமை வரை கடை மூடிய பிறகு தினமும் பழகினார்கள். கரோலின் ஓய்வு பெறும்வரை ரயில்வே கிளப்பில் தொட்டுக்கொண்டேதான் இருந்தாள், அவளுக்குப் பிரச்சினை இல்லை. ராமசெல்வியின் முதல் அடி போர்டைத் தாண்டிப் பருப்பு மூட்டையில் விழுந்தது. முதல் நாள் முழுக்க அப்படித்தான். "என்னால ஆவாதுடி" என்று எழுந்துவிட்டாள். இசக்கிப்பாண்டி சுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "தெனமும் நூறு பேருக்குச் சில்லறை சுண்டுத விரலு. அதே விரல்தான், வேற ஒண்ணும் இல்ல" என்றார். அதற்கப்புறம் அவள் காயைப் பார்த்து அடிப்பதை விட்டுவிட்டுப் போர்டின் மூலைப் பையைப் பார்த்து அடித்தாள். காய் விழ ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நல்ல கூட்டம். சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள், நர்ஸ்கள், கப்பல் தளத்து ஆட்கள் என்று இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் எல்லா முகமும் இருந்தது. போட்டியை நடத்தியவன் ஷிபின், கன்னியாகுமரிப் பக்கத்து நர்ஸ். இரண்டு அம்மாமார்கள் பெயர் கொடுப்பதைப் பார்த்து முதலில் சங்கடமாக நெளிந்தான்.

"அக்கா, இது எப்பவும் பசங்க மட்டும்தான் ஆடுவாங்க."

"பசங்க மட்டும்தான் ஆடணும்னு எங்கயாவது எழுதிக் கீதா தம்பி?" என்று கரோலின் கேட்டாள்.

ஷிபின் யோசித்துவிட்டு, "எழுதல. உக்காருங்க" என்றான்.

முதல் சுற்றில் இவர்களுக்கு எதிராக ஆடிய இரண்டு பையன்கள் மரியாதைக்கு மெதுவாக அடித்தார்கள். கரோலின் உட்கார்ந்த வாக்கில் ஐந்து காயைப் போட்டுவிட்டு ஸ்டிரைக்கரைத் தள்ளியபோது அவர்களுக்கு மரியாதை மறந்துவிட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் கூட்டம் இவர்கள் மேஜையைச் சுற்றிக் கூடியது. அரையிறுதியில் ராமசெல்வி தொடர்ந்து மூன்று முறை தவறவிட்டாள். கரோலின் தலையை ஆட்டவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையில் அவசரம் இல்லை. அடுத்த முறை ராமசெல்வி தவறவிடவில்லை.

இறுதி ஆட்டம் ரோஷன் என்ற மும்பைப் பையனின் ஜோடியோடு. தீவிலேயே அவனை அடிக்க ஆளில்லை என்று பேச்சு. முதல் கேம் அவர்களுக்குப் போனது. இரண்டாவதைக் கரோலின் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது கேம், காய்களைப் புதிதாக அடுக்கி ஆடும் கடைசி போர்டுவரை போயிற்று. ரோஷனுக்குப் பாக்கி ஒரே ஒரு வெள்ளைக் காய். இவர்களுக்கு இரண்டு கறுப்பும், நடுவில் சிவப்புக் காயான ரெட்டும். ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, அதே கையில் தன் காய் ஒன்றையும் சேர்த்துப் போட்டால்தான் ரெட் செல்லும். தவறினால் அடுத்த கை ரோஷனுடையது. அவன் தவறவிடுகிற ஆள் இல்லை.

கை ராமசெல்வியிடம் இருந்தது.

நவ்ரீன் துப்பட்டாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள், கத்திவிடுவோமோ என்று அவளுக்கே பயம். ராமசெல்வி ஸ்டிரைக்கரை வைத்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து கரோலினைப் பார்த்தாள். கரோலின் கண்ணை மூடித் திறந்தாள். பழைய நாளில் அதற்கு 'அடி' என்று அர்த்தம்.

ரெட் மூலைப் பையில் மெல்ல இறங்கியது. அடுத்த கறுப்பு நேர்க்கோட்டில் இருந்தது, அதுவும் விழுந்தது. கடைசிக் காய் இடதுபக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. நேராக அடித்தால் நகராது. ராமசெல்வி மோதிர விரலை மடக்கினாள். ஸ்டிரைக்கர் எதிர்ச் சுவருக்குப் போய் மோதி, திரும்பி வந்து, காயை ஒரு பக்கமாக உரசியது. காய் சுவரைத் தடவிக்கொண்டே அவளை நோக்கி வந்தது. பையின் விளிம்பில் ஒருமுறை தயங்கி, உள்ளே போயிற்று.

முதலில் கைதட்டியது ரோஷன்தான். எழுந்து வந்து ராமசெல்வியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு ஹாலே எழுந்தது. நவ்ரீன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து இரண்டு பேரையும் ஒரே பிடியாகக் கட்டிக்கொண்டாள். "பாத்தியாடா, எங்க ராயபுரத்துக் கைய பாத்தியா" என்று முன்பின் தெரியாத நேபாளத்துப் பையன் ஒருவனைப் பிடித்து உலுக்கினாள். இசக்கிப்பாண்டி சுவரோரம் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் இடித்ததில் எல்லாப் படமும் கலங்கிப்போயிருந்தது. அதில் ஒன்றைத்தான் பிறகு பெரிதாக்கிக் கடையில் மாட்டினார்.

கரோலின் மேஜையைவிட்டு எழவில்லை. பவுடர் படிந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

மறுநாள் காலை கிளம்புவதாக ஏற்பாடு. கப்பல் துறைக்கு வழியனுப்ப வந்த ராமசெல்வியின் கையிலும் ஒரு பை இருந்தது. இவர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் பலகாரம் என்று கரோலின் நினைத்தாள்.

"மால்டாவுக்கு வந்த நாள்ல இருந்து நான் இந்தத் தீவைத் தாண்டலட்டி," என்றாள் ராமசெல்வி. "கடை, வீடு, கடை. அவுகதான் காலையில சொன்னாக, ஒரு மாசம் போய்ட்டு வா, கடையை நான் பாத்துக்கிடுதேன்னு."

"டிக்கெட்?" என்றாள் கரோலின்.

இசக்கிப்பாண்டி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "பலேர்மோ, ரோமாபுரி, மர்சேய்னு எங்க வேணா சுத்துங்க. முறுக்கு மாவு வெல மட்டும் போன்ல கேப்பேன், எடுக்கச் சொல்லுங்க."

கப்பல் கிளம்பியது. நவ்ரீன் இந்த முறை முன்ஜாக்கிரதையாக மாத்திரை போட்டுக்கொண்டு, ஆனாலும் பெஞ்சைவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். மற்ற இரண்டு பேரும் அவளை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். "உடுங்கடி, பேஜாரு பண்ணாதீங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூவரும் கம்பியோரம் போய் நின்றார்கள். மஞ்சள் கல்லால் கட்டிய கோட்டைச் சுவர்கள் மெல்ல விலகின. துறையில் இசக்கிப்பாண்டி துண்டை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தார். ராமசெல்வி பதிலுக்குக் கையை ஆட்டினாள். அவர் ஒரு புள்ளியாகி மறைந்த பிறகும் ஆட்டினாள். அப்புறம் முன்பக்கம் திரும்பி, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு கேட்டாள்:

"முதல்ல எங்கட்டி போறோம்?"